காகிதத்தில் நிற்கும் வீடுகள்

2020 பிப்ரவரியில் தில்லிக்குப் போயிருந்தபோது, சாகேத்தில் இருக்கும் கிரண் நாடார் கலை அருங்காட்சியகத்துக்குத் தோழி ஒருத்தி என்னை அழைத்துப் போனாள். ஜரீனா ஹஷ்மியின் வாழ்நாள் படைப்புகளைப் பெரிய அளவில் காட்சிக்கு வைத்திருந்தார்கள். ஜரீனா என்ற ஒற்றைப் பெயரே போதும் என்று வாழ்ந்த கலைஞர் அவர். கறுப்புக் கோடுகளால் ஆன அச்சுப்படங்களைப் பார்த்துக்கொண்டே வந்தவள், சுவரில் இருந்த ஒரு செம்மண் நிறப் பலகையின் முன்னால் நின்றுவிட்டேன். நல்ல தடிமன். நடுவில் முற்றம்போல ஒரு பள்ளம், அதைச் சுற்றிப் படிபடியாக இறங்கும் விளிம்புகள். சுட்ட செங்கல்லில் செதுக்கியது என்றுதான் நினைத்தேன். பக்கத்தில் இருந்த குறிப்பைப் படித்த பிறகுதான் அது காகிதம் என்று தெரிந்தது. கூழாகக் கரைத்து, நிறமி சேர்த்து, அச்சில் வார்த்து எடுத்த காகிதம்.

பசுமலையில் வளர்ந்த எனக்கு அந்த வேலை புதிதில்லை. எங்கள் ஊரிலிருந்து விளாச்சேரிக்கு நடந்தே போய்விடலாம். வேளார் வீடுகள் நிறைந்த ஊர். ஆடி பிறந்துவிட்டால் தெருவில் கால் வைக்க இடம் இருக்காது. பிள்ளையார் ஒரு பக்கம், நவராத்திரிக்குப் போகும் கொலுப் பொம்மை ஒரு பக்கம் என்று வெயிலில் காயும். களிமண் பொம்மையோடு காகிதக் கூழ் பொம்மையும் அங்கே உண்டு. பள்ளி விட்டதும் நாங்கள் பிள்ளைகள் நாலைந்து பேர் போய் வேடிக்கை பார்ப்போம். பழைய செய்தித்தாளையும் நோட்டுத்தாளையும் கிழித்துத் தொட்டியில் நாள் கணக்கில் ஊறப்போட்டிருப்பார்கள். எழுத்தெல்லாம் கரைந்து தண்ணீர் சாம்பல் நிறமாகிவிடும். ஊறியதை உரலில் இடித்து, பசையும் சுண்ணாம்புப் பொடியும் சேர்த்துப் பிசைந்தால் சப்பாத்தி மாவுபோலத் திரண்டு வரும். பூச்சி அரிக்காமல் இருக்கக் கொஞ்சம் மயில்துத்தம். அந்த மாவை அச்சின் முன்பாதியிலும் பின்பாதியிலும் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி அப்புவார்கள். அரைகுறையாகக் காய்ந்ததும் இரண்டு பாதியையும் ஒட்டி, மூட்டுத் தெரியாமல் தேய்த்து, வெள்ளை அடித்து, வர்ணம் பூசுவார்கள். கையில் எடுத்தால் பொம்மை பூப்போல இருக்கும். உள்ளே வெறும் காற்றுத்தான்.

விளாச்சேரியில் காகிதத்தைக் கூழாக்குவது கனம் குறைவதற்காக. பரண் மேல் ஏற்றி இறக்க வசதி, வெளியூருக்கு அனுப்பினால் உடையாது. ஜரீனா அதே கூழை எடுத்து நேர் எதிரான காரியத்தைச் செய்திருந்தார். அவருடைய காகிதம் கனக்கிறது. உள்ளே காற்றில்லை. மண்ணும் துருவும் கரியுமான நிறங்கள் வெளியே பூசப்படாமல் கூழோடு கலந்து உள்ளே ஊறியிருக்கின்றன. கட்டடத்தின் ஒரு மூலையை மட்டும் பெயர்த்துக்கொண்டு வந்து மாட்டியதுபோல அவை நிற்கின்றன. யாருடைய வீட்டு மூலை என்ற கேள்வி எனக்குள் எழுந்தது.

ஜரீனா 1937-ல் அலிகரில் பிறந்தவர். தந்தை அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியர். ஜரீனா படித்தது கணிதம். நாடு பிரிந்தபோது அவருக்குப் பத்து வயது. குடும்பம் உடனே கிளம்பிவிடவில்லை. ஆனால் பின்னாளில் பெற்றோர் கராச்சிக்குப் போய்விட, அலிகர் வீடு திரும்பிப்போக முடியாத வீடானது. திருமணத்துக்குப் பிறகு, தூதரகப் பணியில் இருந்த கணவரோடு பாங்காக், பாரிஸ் என்று நாடு நாடாக வாழ்ந்தார். பாரிசில் ஸ்டான்லி வில்லியம் ஹேட்டரின் பட்டறையில் செதுக்கச்சு கற்றார், ஜப்பானில் மரக்கட்டை அச்சு கற்றார். 1970-களின் நடுவில் நியூயார்க் போனவர், பல பத்தாண்டுகளை அங்கேயே கழித்தார். காகிதத்தை ஊசியால் குத்திக் குத்தி எழுப்பிய படங்களை 1977-ல் செய்தார். அதற்குச் சில ஆண்டுகளுக்குள் கூழில் வார்க்கும் வேலை தொடங்கியது. முற்றம், படிக்கட்டு, மூலை, ஒளிந்துகொள்ளும் பொந்து என்று அவர் வார்த்ததெல்லாம் வீட்டின் உறுப்புகள். நியூயார்க்கில் பெண்ணியக் கலைக் கழகத்தில் காகிதம் செய்யக் கற்றுக்கொடுக்கவும் செய்தார். 2011-ல் வெனிஸ் ஈராண்டுக் கலைவிழாவில் இந்தியா முதன்முறையாகத் தனி அரங்கு அமைத்தபோது அங்கே இடம்பெற்ற கலைஞர்களில் அவரும் ஒருவர்.

தில்லிக் கண்காட்சிக்கு வைத்த பெயர், ஒன்பது கோடுகளில் ஒரு வாழ்க்கை. அவர் 1997-ல் செய்த அச்சுத் தொகுப்பின் பெயரிலிருந்து எடுத்தது. ஊர் ஊராகத் தாம் குடியிருந்த வீடுகளின் தரைப்படத்தைக் கோட்டில் வரைந்த தொகுப்பு. அதற்கு முன்பே, 1994-ல், அலிகரில் இருந்த தந்தை வீட்டின் தரைப்படத்தை வரைந்து, அறைகளின் பெயரை உருதுவில் எழுதி அச்சிட்டிருக்கிறார். அந்தப் படத்தை நான் பிறகு ஒரு புத்தகத்தில் பார்த்தேன். அதைப் பார்த்தபோது உச்சபட்டி நினைவுக்கு வந்தது.

பசுமலை வழியாகத் திருப்பரங்குன்றம் தாண்டித் திருமங்கலம் போகிற தடத்தில் உச்சபட்டி இருக்கிறது. அங்கே இலங்கை அகதிகள் முகாம். என் வகுப்புத் தோழி ஒருத்தி அங்கிருந்து டவுன் பஸ்ஸில் வந்து பசுமலையில் இறங்குவாள். மன்னார்ப் பக்கம் அடம்பனில் பிறந்தவள். 1990-ல் சண்டை மறுபடி மூண்டபோது கைக்குழந்தைப் பருவம் தாண்டியிருந்த அவளைத் தூக்கிக்கொண்டு குடும்பம் படகேறியது. மண்டபம் முகாமில் பதிவு, அங்கிருந்து லாரியில் மதுரை. மாதத்தில் சில நாள் அவள் பள்ளிக்கு வர மாட்டாள். கேட்டால் “இண்டைக்கு செக்கிங்” என்பாள். அதிகாரிகள் வந்து குடும்ப அட்டையைப் பார்த்துப் பெயர் வாசிக்கும்போது ஆள் நேரில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பெயர் அடிபடும், பணக்கொடை நிற்கும். சளி, காய்ச்சல் என்று லீவு லெட்டர் எழுதுகிற வயதில் அவள் ஒருத்திதான் இப்படி ஒரு காரணத்துக்கு லீவு எடுத்தாள்.

அவள் வீட்டுக்கு நான் போவதுண்டு. பத்துக்குப் பத்து அறை ஒன்று. சமையலும் படுக்கையும் படிப்பும் அதற்குள்தான். கூரைச் சட்டத்தில் ஒரு ஆணி. அந்த ஆணியில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கும். அந்த வீட்டில் வேறு எதைத் தொட்டாலும் திட்டு விழாது, அந்தப் பையைத் தொட்டால் விழும். ஒருநாள் மழை ஒழுகியபோது தோழியின் அம்மா அதை இறக்கி ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாயில் பரப்பினார். காணி உறுதி, பிறப்பு அத்தாட்சி, கல்யாணப் பதிவு, பள்ளிக்கூட விடுகைப் பத்திரம், மண்டபத்தில் கொடுத்த சீட்டு, முகாம் அட்டை. மடித்த இடமெல்லாம் கிழிந்து, உள்பக்கம் ஒட்டுத்தாள் போட்டிருந்தது.

“படகில ஏறேக்க நகையை இடுப்பில கட்டினனாங்கள். உறுதியை நெஞ்சில கட்டினனாங்கள், பிள்ளை. நகை போனா வாங்கலாம். இது போனா அந்தக் காணி எங்கட எண்டு யாரிட்டச் சொல்லுறது?”

அவர் அப்படிச் சொன்னது எனக்கு அந்த வயதில் சரியாகப் புரியவில்லை. எங்கள் வீட்டிலும் பத்திரம் பீரோவில் இருந்தது. ஆனால் அந்தப் பத்திரம் சொல்லும் வீட்டுக்குள்தான் அந்தப் பீரோ நின்றது. அவர்களிடம் பத்திரம் இங்கே, வீடு கடலுக்கு அந்தப் பக்கம்.

தில்லியிலிருந்து திரும்பியதும் அவர்களைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். மார்ச்சில் ஊரடங்கு வந்துவிட்டது. ஏப்ரல் 25 அன்று ஜரீனா லண்டனில் காலமான செய்தியை வீட்டுக்குள் அடைந்திருந்த நாளில் படித்தேன். அலிகரில் பிறந்து, கராச்சியில் பெற்றோரைப் பறிகொடுத்து, நியூயார்க்கில் வாழ்ந்து, லண்டனில் முடிந்த வாழ்க்கை. எந்த ஊர் அவரைத் தன்னவர் என்று சொல்லிக்கொள்ளும் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

அடுத்த வருடம் உச்சபட்டி போனபோது தோழியின் அம்மாவுக்குத் தலை நரைத்திருந்தது. தோழிக்குக் கல்யாணமாகி ஒரு மகள். நான் போனில் ஜரீனாவின் படங்களைக் காட்டினேன். வார்த்தெடுத்த காகிதப் பலகைகளை அவர் மரியாதைக்குப் பார்த்தார். தந்தை வீட்டின் தரைப்படம் வந்ததும் போனை வாங்கிக் கண்ணருகே வைத்துக்கொண்டார். இது என்ன எழுத்து என்று கேட்டார். உருது என்றேன், அறைகளின் பெயர் என்றேன். “இந்த மனிசி தன்ர வீட்டைத்தானே கீறியிருக்கு?” என்றார். பிறகு பேத்தியிடம் பென்சில் கேட்டார். மாதக் காலண்டரில் முடிந்துபோன மாதத்தின் தாளைக் கிழித்து, பின்பக்கம் திருப்பி, தரையில் விரித்து உட்கார்ந்தார்.

நான் வாசலில் தொடங்குவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கிணற்றில் தொடங்கினார். தாளின் நடுவில் ஒரு வட்டம். அதற்குப் பக்கத்தில் துலா. கிணற்றிலிருந்து குசினிக்கு ஒரு நடைபாதை. குசினியைப் பெரிதாகப் போட்டார், வீட்டின் மற்ற அறைகளைவிடப் பெரிதாக. புகை போகிற இடத்தை ஒரு கோட்டால் குறித்தார். விறாந்தை, சாமி அறை, நெல்மூட்டை அடுக்கும் அறை. வளவைச் சுற்றிக் கிடுகு வேலி. வேலியில் ஓர் இடத்தில் சின்ன இடைவெளி விட்டார். அது பக்கத்து வீட்டு அக்கா வந்து போகிற பொட்டு என்றார். மாமரம் இரண்டு, முருங்கை ஒன்று, பனை எத்தனை என்று எண்ணி எண்ணிப் போட்டார். முருங்கைக்குப் பக்கத்தில் கடைசியாக ஒரு சின்ன நீள்சதுரம் வரைந்து, அதன் உள்ளே பென்சிலைச் சாய்த்து அழுத்தித் தேய்த்துக் கறுப்பாக்கினார்.

“இது பங்கர்” என்றார்.

தோழிக்கு அது நினைவிருந்தது. வீடு நினைவில்லை, கிணறு நினைவில்லை, அந்த இருட்டுக் குழியும் அதில் தன்னை யாரோ மடியில் வைத்திருந்ததும் மட்டும் நினைவிருந்தது. அவளுடைய மகள் தாளைத் தன் பக்கம் இழுத்து, “இது நம்ம வீடா பாட்டி?” என்று மதுரைத் தமிழில் கேட்டாள். பாட்டி ஆமாம் என்று தலையசைத்தார். அவர் வரைந்த குசினி ஒன்றுக்குள்ளேயே நாங்கள் அப்போது உட்கார்ந்திருந்த அறை முழுவதும் அடங்கிவிடும்.

இதைச் சென்னையில் இருக்கும் யாழ்ப்பாண நண்பரிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு கனத்த தொகுதியை எடுத்து வந்து மேசைமேல் வைத்தார். பார்ப்பதற்கு அரசாங்க அலுவலகக் கோப்புபோல இருந்தது. தா. சனாதனனின் ‘முற்றுப்பெறாத தோம்பு’. 2011-ல் ரேக்கிங் லீவ்ஸ் வெளியிட்டது. தோம்பு என்பது ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு. யாருக்கு எந்த நிலம் என்று ஊர்வாரியாக எழுதி வைத்த ஏடு. சனாதனன் 1969-ல் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், தில்லியில் ஓவியம் பயின்றவர், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை கற்பிப்பவர். வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த தமிழரையும் முஸ்லிம்களையும் சந்தித்து, விட்டுவந்த வீட்டை நினைவிலிருந்து வரையச் சொன்னார். அவர்கள் வரைந்த படம் ஒன்று. அதை அளவுக்கோட்டில் திருத்திக் கட்டடக் கலைஞர் போட்ட படம் ஒன்று. அவர்கள் சொன்ன கதையைக் கேட்டு சனாதனன் தீட்டிய ஓவியம் ஒன்று. ஒரே வீடு தாள்மேல் தாளாக அடுக்கப்பட்டிருக்கிறது.

அந்தப் படங்களில் வீட்டைவிட மரங்கள் பெரிதாக இருந்தன. கிணறு பல வீடுகளில் கவனமாகக் குறிக்கப்பட்டிருந்தது. உச்சபட்டியில் நான் பார்த்த கை அதே மாதிரிதான் நகர்ந்தது. ஒருவரை ஒருவர் அறியாதவர்கள், வெவ்வேறு மதம், வெவ்வேறு ஊர். வரையச் சொன்னால் தண்ணீரும் நிழலும் வேலியும் முதலில் வருகின்றன. அளவு எடுத்துத் திருத்திய படத்தில் சுவர்கள் நேராகிவிட்டன, ஆனால் வரைந்தவர் பெரிதாகப் போட்ட சமையலறை சுருங்கி அதன் உண்மையான அளவுக்கு வந்துவிட்டது. பதிவேட்டுக்குத் தேவையானது அந்த இரண்டாவது படம். ஒரு வீட்டை இழந்தது எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டியவருக்குத் தேவையானது முதல் படம். இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துத் தைத்ததில்தான் சனாதனனின் கலை இருக்கிறது.

ஜரீனாவின் வேலையும் எனக்கு அதன் பிறகே முழுதாகப் புரிந்தது. 2001-ல் அவர் செய்த ‘பிரிக்கும் கோடு’ என்ற மரக்கட்டை அச்சில் இந்திய பாகிஸ்தான் எல்லை மட்டும் கறுப்பாக வளைந்து வளைந்து போகும். அந்தக் கோட்டை அவர் பலகையில் கீறவில்லை. கோட்டை விட்டுவிட்டு இரண்டு பக்கத்து நிலத்தையும் உளியால் செதுக்கி எடுத்தார். நிலமெல்லாம் போய்க் கோடு மட்டும் மிஞ்சியது. 2004-ல் ‘வீட்டிலிருந்து வந்த கடிதங்கள்’ என்ற தொகுப்பு. அக்கா ராணி பாகிஸ்தானிலிருந்து எழுதிய, ஆனால் தபாலில் சேர்க்காமலே வைத்திருந்த உருதுக் கடிதங்கள். பெற்றோரின் மரணமும் வீட்டை விற்றதும் அவற்றில் இருந்தன. அந்தக் கையெழுத்தின் மேலேயே வீட்டுத் தரைப்படத்தையும் ஊர் வரைபடத்தையும் அச்சிட்டார். கடிதம், வரைபடம், பத்திரம் என்று ஊர் விட்டவர்களின் கையில் கடைசியில் தங்குவது காகிதம்தான். அதையே எடுத்துக் கூழாக்கி, கல்லின் கனம் வரும்வரை அழுத்தி, சுவரில் மாட்டினார். கிழியும், நனையும், எரியும் என்று நாம் நினைக்கிற பொருளுக்கு ஒரு வீட்டின் எடையைக் கொடுத்தார். காணி உறுதியை நெஞ்சில் கட்டிக்கொண்டு கடல் தாண்டிய பெண்ணுக்கு அந்த எடை முன்பே தெரிந்திருந்தது.

பசுமலைக்காரர்கள் இதைக் கேட்டு ஒதுங்கிப் போக முடியாது. எங்கள் ஊரே யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களால் எழுந்த ஊர். அங்கே இயங்கிய அமெரிக்க மிஷன்தான் 1834-ல் மதுரைக்குக் கிளை விட்டது. யாழ்ப்பாணத்துத் தமிழ் உதவியாளர்களும் கூடவே வந்தார்கள். 1842-ல் திருமங்கலத்தில் தொடங்கிய செமினரி 1845-ல் பசுமலைக்கு இடம் மாறியது. வட்டுக்கோட்டை செமினரியைப் பார்த்து அமைந்த பள்ளி அது. அமெரிக்கன் கல்லூரி இங்கிருந்துதான் தல்லாகுளம் போனது. இங்கிருந்த லெனாக்ஸ் அச்சகத்தில் அச்சான தமிழ்த் தாள்கள் சுற்றுவட்டாரமெல்லாம் போயின. அன்று கடல் தாண்டி வந்தவர்களுக்கு நிலமும் கட்டடமும் கிடைத்தன. நூற்றைம்பது ஆண்டு கழித்து அதே கடலைத் தாண்டி, அதே திருமங்கலம் சாலைக்கு வந்தவர்களுக்குப் பத்தடி அறையும் தலை எண்ணும் நாளும் கிடைத்தன.

1983 முதல் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். பலர் திரும்பிவிட்டார்கள். நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் ஐம்பதாயிரத்துக்கும் அதிகமானோர் தங்கிவிட்டார்கள். 2021-ல் தமிழ்நாடு அரசு அகதி முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றி, புது வீடுகள் கட்டவும் திட்டம் அறிவித்தது. அது நல்ல காரியம், நன்றியோடு சொல்கிறேன். ஆனால் குடியுரிமை தில்லியின் கையில் இருக்கிறது. 2019-ல் திருத்திய குடியுரிமைச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றையும் சொல்லி இலங்கையை விட்டுவிட்டது. இங்கே பிறந்தாலே குடிமகன் என்ற விதி 1987 ஜூன் மாதத்தோடு முடிந்தது. அதற்கு முந்தைய ஆண்டு மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், பாஸ்போர்ட் கேட்டு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார். 2022-ல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. 2024 தேர்தலில் அவர் வாக்களித்தார். முப்பத்தெட்டு வயதில், பிறந்த மண்ணில், முதல் ஓட்டு. ஒரு தாளில் இருந்த பிறந்த தேதி அவரைக் காப்பாற்றியது. அதே முகாம்களில் அடுத்த வருடங்களில் பிறந்த பிள்ளைகளுக்கு அந்தத் தேதி இல்லை.

என் தோழியின் மகள் மதுரை அரசு மருத்துவமனையில் பிறந்தவள். அடம்பனைப் பார்த்ததில்லை. அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க ஒவ்வொரு சித்திரைக்கும் அடம் பிடிக்கிறவள். நன்றாகப் படிக்கிறாள். கல்லூரி விண்ணப்பத்தில் நாட்டுரிமை என்று ஒரு கட்டம் வரும்போது என்ன எழுதுவது என்று இப்போதே கேட்கிறாள். அவளுக்கு நான் சொல்லும்படி ஒரு பதில் இருக்க வேண்டும்.

இரண்டு ஆசைகளை இங்கே எழுதி வைக்கிறேன். ஒன்று, சனாதனனின் தோம்பும் ஜரீனாவின் காகித வார்ப்புகளும் ஒருமுறையாவது மதுரைக்கு வர வேண்டும். பக்கத்து அறையில் உச்சபட்டி, ஆனையூர், திருவாதவூர் முகாம்களில் இருப்பவர்கள் நினைவிலிருந்து வரைந்த வீடுகளும் இருக்க வேண்டும். விளாச்சேரிக்காரர்கள் கூழ் பிசைந்து தந்தால் அந்த வீடுகளை வார்த்தெடுக்கவும் முடியும். அந்த ஊர்களையும் கிணறுகளையும் கண்ணால் கண்டவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள், இந்த வேலையை அவர்கள் இருக்கும்போதே செய்ய வேண்டும். இன்னொன்று அதைவிட அவசரமானது. இந்த மண்ணில் பிறந்து, இந்தப் பள்ளிகளில் படித்து, இந்தச் சாலையில் டவுன் பஸ் ஏறுகிற பிள்ளைகளை இந்தியக் குடிமக்கள் என்று ஒரு தாளில் எழுதி, முத்திரை வைத்துக் கொடுக்க வேண்டும். கலைஞர்கள் தங்கள் காகிதத்தில் செய்ய முடிந்ததைச் செய்துவிட்டார்கள். நாடாளுமன்றம் தன் காகிதத்தில் செய்ய வேண்டியது மிச்சம் இருக்கிறது.